ஏரியும் ஏணியும்: ஒரு திணைமயக்க ஆய்வு

ஆய்வுக்களம்

ஏரிக்கும் ஏணிக்கும் ஓரெழுத்தே வேற்றுமை. அந்த ஓரெழுத்தைக் கடக்க மனிதன் படும் பாடே இக்கட்டுரையின் பொருள். களம், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகருக்கு வடகிழக்கே பையூட் பழங்குடியினரின் நிலத்துக்குள் கிடக்கும் பிரமிட் ஏரி. ட்ரக்கி ஆறு வந்து விழும், வெளியேற வழியில்லை. வந்த நீர் ஆவியாகத்தான் ஊர் திரும்ப வேண்டும். அதனால் தண்ணீரில் சற்றே உப்பு.

நிலமோ பாலை, தொழிலோ நெய்தலுக்குரிய மீன்பிடி. இது வழுவன்றோ எனின், அன்று, திணைமயக்கம். அக்டோபர் முதல் ஜூன் வரைதான் டிரவுட் மீன் பிடிக்கலாம். அதிலும் பனிக்காலம் விசேடம். பின்பனியும் பாலைக்கு உரியதே என்று தொல்காப்பியர் முன்பே இடம் விட்டுவைத்திருக்கிறார். நெவாடாவை அவர் அறிந்திருந்தாரா என்பது தனி ஆய்வுக்குரியது.

ஏணி இலக்கணம்

ஏணி என்பது யாதோ எனின், வெள்ளையடிக்க வாங்கிய மடக்கேணியை வண்டிக் கூரையில் கட்டிக் கொணர்ந்து, ஏரித் தண்ணீருக்குள் நட்டு, அதன்மேல் தூண்டிலோடு ஏறி நிற்பது. அது இருவகைப்படும்: வெற்றேணி, இருக்கையேணி. பின்னதில் உட்கார இடமும் தூண்டில் செருகத் துளையும் உண்டு. இதில் ஏறியவர் இறங்குவது அரிது.

அற்றேல், கொக்குக்கு ஏணி ஏது எனின், கொக்கு கரையோரத்துப் பொடிமீனோடு திருப்தியடையும். இங்குள்ள லஹோன்டன் டிரவுட், கரையிலிருந்து சற்றுத் தள்ளித் தரை சட்டென்று ஆழமாகும் விளிம்பை ஒட்டியே இரைதேடி வரும். அதுவரை நடந்தால் இடுப்பளவு குளிர்நீர். ஏணிமேல் நின்றால் வீச்சு நீளும். விறைப்பது காலோடு நிற்கும். 1925இல் இங்கே பிடிபட்ட ஒரு மீனின் எடை 41 பவுண்டு. அவ்வினத்தில் அந்தச் சாதனை இன்னும் முறியவில்லை. ஆகவே ஏணிகளும் குறையவில்லை.

மீன் தரப்பு

1905இல் டெர்பி அணை கட்டி ஆற்றுநீரை வயலுக்குத் திருப்பினார்கள். ஏரி ஏறத்தாழ 25 மீட்டர் இறங்கியது. முகத்துவாரம் மணல்திட்டாகி, முட்டையிட ஆற்றில் ஏற வழியில்லாமல் 1940களில் டிரவுட் ஏரியை விட்டே மறைந்தது. இந்த ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் வாழாத குயீ-உயீ மீனும் அருகிப்போனது. ‘குயீ-உயீ உண்போர்’ என்பதே இவ்வூர்ப் பையூட்டுகளின் பெயர் என்றால், இழப்பு எவ்வளவு என்பது விளங்கும். பின்னர் யூட்டா எல்லையோர மலையோடை ஒன்றில் பழைய டிரவுட்டின் வழித்தோன்றல்கள் அகப்பட, 2006இல் அவை ஏரிக்குத் திரும்பின. ஆற்றில் ஏற அவற்றுக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. அவ்வழிக்குப் பொறியாளர் இட்ட பெயர்: மீன் ஏணி!

மாற்றுத் தரப்பு

ஏரி நடுவே அனாஹோ தீவில் ஆயிரக்கணக்கான கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. மீன்பிடியில் பழுத்த இவ்வறிஞர்கள், இரைக்காக இந்த ஏரியை நம்பாமல் பல மைல் பறந்து தொலைவிலுள்ள ஆழமற்ற சதுப்புகளுக்குப் போய் வருகிறார்கள். ஏணிமேல் நிற்போர் இதை அண்ணாந்து பார்ப்பதுண்டு, கருத்தில் கொள்வதில்லை.

முடிவு

பழங்குடியினரிடம் அனுமதிச்சீட்டு வாங்கி இவ்வாய்வாளர் வசந்தத்தில் நான்கு மணி நேரம் உச்சிப்படியில் நின்றதில், தூண்டில் ஒருமுறைகூட அசையவில்லை. அது ஆய்வின் குறையன்று. வசந்தம் மீன் முட்டையிடும் பருவம். அது தன் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தது, யான் என் ஏணியில். இருவரும் ஏணியில் இருக்க, ஏரியில் சந்திப்பது எங்ஙனம்?