மோட்டார் வாகன மூப்பியல்: ஒரு முன்னாய்வு

மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, கன்று என்று இளமைப் பெயர்களை அடுக்கிய தொல்காப்பியர் மோட்டார் காரின் முதுமைக்கு இலக்கணம் சொல்லாமலே போய்விட்டார். அந்தக் குறையை இந்திய அரசிதழ் தீர்த்துவைத்திருக்கிறது, ஒன்றுக்கு நான்காக. இவற்றை ஒப்புநோக்கும் எவரும் ஒரு முடிவுக்கு வந்தே தீர வேண்டும்: முதுமை எஞ்சினில் இல்லை, சேசிஸில் இல்லை, காகிதங்கள் விரிக்கப்படும் மேசையில் இருக்கிறது.

முதற்சான்று பாலிசித் தாள். சொந்த வண்டிச் சேதத்துக்கான தேய்மான அட்டவணை, ஷோரூம் வாசலைத் தாண்டியதுமே மதிப்பில் 5 சதவீதத்தைக் கழிக்கிறது. நான்காண்டு கடந்தால் பாதி போய்விடும். ஐந்தாண்டுக்கு மேல் அட்டவணையே இல்லை. உரிமையாளரும் கம்பெனியும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதே தாளில் தர்ட் பார்ட்டி பிரீமியம் வயதைக் கேட்பதே இல்லை. 1000, 1500 சி.சி. என்ற இரண்டு எல்லைகள் மட்டுமே அதற்குத் தெரியும். ஆக மேல்வரியில் கிழவனான வண்டி கீழ்வரியில் குமரன்.

இயந்திரம் தேயும், பிரேக் தளரும், சோதனை வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஆனால் ஒரே நாளில் ஒரே ஆலையிலிருந்து வந்த இரண்டு கார்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று டி-போர்டு, மற்றது ஓன் போர்டு. டி-போர்டு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஓன் போர்டு 15 ஆண்டு வரை பிரேக் இன்ஸ்பெக்டரின் முகத்தையே பார்ப்பதில்லை. வாடகை வண்டி அதிகம் ஓடுமே என்பது அடுத்த மறுப்பு. அப்படியானால் பார்க்க வேண்டியது கிலோமீட்டர் மீட்டரை. சட்டம் பார்ப்பதோ நம்பர் பலகையின் நிறத்தை. மஞ்சள் பெயின்ட் உலோகத்தை விரைவில் முதுமையடையச் செய்கிறது என்று வேதியியலார் எவரும் இதுவரை நிறுவவில்லை.

பதினைந்துக்குப் பின் ஓன் போர்டும் ஐந்தாண்டுக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022இல் 5,000 ஆயிற்று. 2025இல் இருபது வயது கடந்த காருக்கு 10,000. காப்பீட்டு மேசையில் மதிப்பு இறங்க இறங்க, ஆர்.டி.ஓ. மேசையில் விலை ஏறுகிறது. மாசைக் குறைக்கவே இந்த ஏற்றம் என்பார்கள். நோக்கம் நியாயமானதே, ஆனால் அதற்கென்று புகைச் சான்றிதழ் தனியாக இருக்கிறது, அதுவும் புகையைத்தான் அளக்கிறது, பிறந்த தேதியை அன்று.

நான்காவது மேசை விசித்திரமானது. 2021 விதிகளின்படி, ஐம்பது வயது கடந்து அசல் உருக் கெடாத வண்டியை ‘விண்டேஜ்’ என்று பதிந்துகொள்ளலாம். தர்ட் பார்ட்டி பிரீமியத்திலும் பாதி தள்ளுபடி. உத்தரபாராவில் 2014இல் வெளிவந்த கடைசி அம்பாசிடர்களுள் ஒன்று ஓன் போர்டாகவே இருந்தால், 2029இல் முதல்முறை பிரேக் இன்ஸ்பெக்டர் முன் நிற்கும். ஏழு புதுப்பித்தல்களைத் தாண்டி 2064இல் இந்தப் பெருமைக்குத் தகுதி பெறும். அப்படிப் பதிந்துகொண்ட பிறகு கண்காட்சிக்குப் போகலாம், பேரணிக்குப் போகலாம், பெட்ரோல் போடவும் போகலாம். காய்கறி வாங்கப் போகக் கூடாது.