சம்பளமில்லாத வேலை

எண்பதுகளில் பாளையங்கோட்டையிலிருந்து மூலைக்கரைப்பட்டிக்கு பஸ். அங்கிருந்து வாடகை சைக்கிளில் கூந்தன்குளம். மூன்று பேருக்கு ஒரே பைனாகுலர். அதுவும் கல்லூரி விலங்கியல் துறையில் கெஞ்சி வாங்கியது. ஒரு கண்ணாடியில் பூஞ்சை படர்ந்திருக்கும் என்பதால் எந்தப் பறவைக்கும் இடப்பக்கம் லேசாக மேகமூட்டம்தான். சலீம் அலி புத்தகம் எவனாவது ஒருவன் பையில் கிடக்கும்.

“தாலுகா ஆபீஸா?” என்றார் ஒரு பாட்டி.

“இல்ல ஆச்சி, பறவை பாக்க வந்தோம்.”

“அதுக்குச் சம்பளம் யாருய்யா குடுக்காவ?”

இதைக் கேட்டபோது ஆச்சி, தன் வீட்டு மரக்கூட்டிலிருந்து விழுந்த மஞ்சள்மூக்கு நாரைக் குஞ்சுக்கு மீன் ஊட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம்; பறவை வராத வருஷம்தான் ஊருக்குக் கவலை. அரசாங்கம் 1994இல் சரணாலயம் என்றது, 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியல் அறிவிப்பு வந்தது. ஊர் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

இப்போது கரையோரம் கார்கள். இலைதழை அச்சடித்த சட்டை, முழங்கை நீள லென்ஸ். பறவைக்குத் தெரியாமல் இருக்கத்தான் அந்தச் சட்டையாம். போன் மட்டும் சத்தமாக அடிக்கிறது. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வந்து இறங்கியதும் வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கிறது. மணிமுத்தாற்றுத் தண்ணீர் குளத்துக்கு வந்ததா என்று கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் நண்பன் ஒருவன் அந்தக் காலத்தில் பார்த்ததாக நோட்டில் எழுதியவை சைபீரியாவிலேயே அரிதானவை. கேட்பாரில்லை. இன்று இ-பேர்டு இணையதளத்தில் அப்படி ஏற்றினால், ஆதாரம் எங்கே என்று கேள்வி வரும். 2011 முதல் தாமிரபரணிக் குளங்களில் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். அவன் நோட்டைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

மகன் எனக்கும் ஒரு லென்ஸ் வாங்கி அனுப்பியிருக்கிறான். தூக்கினால் தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. இருந்தாலும் தூக்கிக்கொண்டுதான் போகிறேன். வெறுங்கையோடு நின்றால், “கொஞ்சம் தள்ளிக்குங்க சார், ஃப்ரேம்ல வர்றீங்க” என்கிறார்கள்.