நிறமாலை மாமா

நம்மூரில் இருந்தவரைக்கும் வெயிலை வைதுகொண்டு, வாசற்படி இறங்கும்போதெல்லாம் குடையைத் தேடிக்கொண்டு, தெருவில் நிழல் விழுகிற பக்கமாகவே நாற்பது வருஷம் நடந்து பழகிய ஒரு மனிதர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பிள்ளையோடு வசிக்கவென்று டொரண்டோவுக்குப் போய், அங்கே டிசம்பர் மாதத்தில் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவாக, சம்பளபாக்கியுள்ள குமாஸ்தாவைப் போல் மனமில்லாமல் தலைகாட்டிவிட்டுப் போகும் சூரியனைக் கண்டாரானால், அந்த க்ஷணமே பரம சூரிய பக்தராகிவிடுகிறார். பக்தி முற்றியதும் அவர் வாங்குவது ஸ்படிக மாலையல்ல. செடிக்குப் பிடிக்கும் எல்.இ.டி. விளக்கு.

இந்த ரகத்தாரை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். கூடத்து மூலையில் தொட்டிக் கறிவேப்பிலை ஒன்று இருக்கும். அதன் தலைக்குமேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு ஜோதி எரியும். அந்த ஜோதி பதினோராவது மாடி ஜன்னல் வழியாக ஊர் முழுவதற்கும் தெரியும். என் பால்ய சிநேகிதர் வீட்டு ஜோதியைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் வேறு செடி என்று நினைத்துக்கொண்டாராம். கானடாவில் 2018 முதல் கஞ்சா சட்டவிரோதமல்ல. ஒன்டாரியோவில் வீட்டுக்கு நான்கு செடிவரை வளர்க்கவும் செய்யலாம். ஆகையால் அவர் போலீஸுக்குப் போகவில்லை. கொஞ்சம் இலை கிடைக்குமா என்று மிகுந்த மரியாதையோடு கதவைத் தட்டினார். “ரசத்துக்கா?” என்று கேட்டாளாம் மாமி.

நிறமாலை மாமா என்று நான் பெயர் வைத்திருக்கும் இந்தச் சிநேகிதருக்கு நானோமீட்டர் கணக்கு கோத்திரம், சூத்திரம் போல நாவில் நிற்கும். “ஓய், 450 நீலம், 660 சிவப்பு, 730 தூரச் சிவப்பு. நீலம் கண்டிப்பான தகப்பன். செடியைக் குட்டையாய், கெட்டியாய் வளர்க்கும். சிவப்பு பாட்டி மாதிரி. வாரி வாரி ஊட்டும், பூக்கவும் வைக்கும். தூரச் சிவப்பு இருக்கிறதே, அது பொல்லாதது. அண்டைச் செடி நிழல் போடுகிறது என்று நம்மைப் பயமுறுத்தி, தண்டைக் கொக்குக் கழுத்தாய் நீட்டிவிடும்” என்பார். ‘நம்மை’ என்று அவர் சொன்னது வாய் தவறியல்ல.

1882-இல் எங்கெல்மான் என்ற ஜெர்மானியர் பாசி இழையொன்றின்மேல் வானவில்லைப் படியவிட்டு, பிராணவாயுவை நாடும் கிருமிகள் சிவப்பிலும் நீலத்திலும் போய் மொய்த்ததைக் கண்ட கதையை அவர் சொல்லும்போது கேட்பவர் கண்ணிலும் நீர் துளிர்க்கும். ஆனால் 1972-இல் மக்ரீ என்பவர் பலவகைப் பயிர்களை வைத்து அளந்து, பச்சை ஒளியையும் இலைகள் வீணாக்குவதில்லை என்று காட்டியதை எங்கேயோ வாசித்த அன்று, கத்தரிப்பூ விளக்கைப் பரணில் போட்டுவிட்டு வெள்ளை விளக்கு வாங்கிவிட்டார். அதுவும் ஒன்றல்ல. தழைக்கும் பருவத்துக்கு நீலம் ஓங்கிய 6500 கெல்வின். பூக்கும் பருவத்துக்குச் சிவப்பு ஓங்கிய 2700. கத்தரிப்பூ வெளிச்சத்தில் செடியின் பசுமையே கறுப்பாகத் தெரியுமாதலால், வெள்ளை விளக்கு வந்த பிறகுதான் இலையில் செதில் பூச்சி இருப்பது தெரிந்தது என்பதை மாமா சொல்லவில்லை, மாமி சொன்னாள்.

அவருடைய அட்டவணையில் செடிக்குச் சீமந்தம் முதல் எல்லாச் சடங்கும் உண்டு. மண்ணுக்குள் கிடக்கும் கறிவேப்பிலை விதைக்கு வேண்டியது வெதுவெதுப்புத்தான், வெளிச்சமல்ல. இருந்தாலும் மூன்று வாரம் வெறும் மண்ணுக்குத் தீபாராதனை நடந்தது. பிறகு வந்தது பூக்கும் பருவம். கறிவேப்பிலை பூத்தால் அதன் ஜீவசக்தி பூவுக்கும் காய்க்கும் போய்விடும் என்று, இலை வேண்டுகிறவர்கள் மொட்டிலேயே கிள்ளிவிடுவது வழக்கம். மாமிக்கு இது பிறந்தவீட்டுக் கொல்லையிலேயே தெரியும். ஆகவே மாமா மின்சாரம் செலவழித்து மொட்டு வரவழைப்பதும், அவர் குளிக்கப் போன சமயம் பார்த்து மாமி அதைக் கிள்ளி எறிவதுமாக ஒரு பருவம் பூராவும் கழிந்தது. ‘மொட்டு உதிர்வு, 660 போதவில்லை’ என்று மாமா நோட்டில் எழுதிக்கொண்டார்.

மார்கழிக் குளிரில் இலையும் கொட்ட ஆரம்பித்தபோது அவர் விளக்கை இரண்டு அங்குலம் இறக்கினார். பிறகு ஓர் அங்குலம் ஏற்றினார். ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டார். தொட்டி இருந்ததோ பால்கனிக் கதவோரத்தில், பனிக்கட்டியாய்ச் சில்லிட்ட தரையில். மாமி ஒரு நாள் பூஜையறையிலிருந்து பழைய மணையை எடுத்துவந்து, தொட்டியை நகர்த்தி, மாப்பிள்ளையை உட்காரவைப்பதுபோல் அதன்மேல் தூக்கி வைத்தாள். வேருக்குச் சூடு தட்டியது. மூன்று வாரத்தில் துளிர் வந்தது. நோட்டில் அன்றைய குறிப்பு: ‘660 பலித்தது.’

நான் அங்கே விருந்தாளியாகப் போனபோது எனக்கு ஒதுக்கிய அறையில் ஒரு சாமந்தித் தொட்டி இருந்தது. சாமந்தி நீண்ட இரவை அனுபவித்தால்தான் மொட்டு வைக்கும், நடுவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் ஏமாந்துபோகும் என்பது சாஸ்திரம். ஆகையால் சாயங்காலம் ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை அந்த அறையில் விளக்கு கிடையாது. முதல் ராத்திரி மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கைப்பேசி டார்ச்சை ஒரு நிமிஷம் போட்டேன். கதவுக்கு வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

“ஓய், என்ன வெளிச்சம் அது?”

“வெள்ளை” என்றேன்.

நெடுநேரம் பதிலில்லை. பிறகு ஒரு பெருமூச்சு. “பச்சையாயிருந்தால் அவ்வளவு பாதகமில்லை.”

மறுநாள் படுக்கப் போனபோது, என் தலையணைக்குப் பக்கத்தில் முகப்பில் பச்சைக் காகிதம் ஒட்டிய டார்ச் ஒன்று இருந்தது.