குடை எடுக்காதவர்: உறுதிக்கும் பிடிவாதத்துக்கும் இடையிலான எல்லை பற்றி நாயுடுபுரத்தில் ஓர் ஆய்வு

உறுதி எது, பிடிவாதம் எது என்பதில் அறிஞர் இரு சாரார். ஜெயித்தால் உறுதி, தோற்றால் பிடிவாதம் என்பர் ஒரு சாரார். நான் செய்தால் உறுதி, என் மைத்துனர் செய்தால் பிடிவாதம் என்பர் மற்றொரு சாரார். குடும்பங்களில் இரண்டாவதற்கே செல்வாக்கு. இரண்டும் பொருந்தாமையைக் கீழே காண்க.

ஆய்வுக்களம், கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு டீக்கடை. ஆய்வுப்பொருள், குடை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் மலை என்பதால் சான்றுக்குப் பஞ்சமில்லை.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஸ்வெட்டரும் மப்ளருமாக வந்து நின்றார். மீசை நுனியில் நீர் சொட்டியது.

“என்னண்ணே, குடை கொண்டு வரலையா?”

“மழை எங்கப்பா பெய்யுது? மேகம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான்.”

சற்று நேரத்தில், பக்கத்தில் பேசுவது காதில் விழாத அளவுக்குத் தகரக் கூரை அதிர்ந்தது.

“இப்ப பெய்யுதேண்ணே?”

“இது சாரல். விட்டுரும்.”

சாலையோரச் சாக்கடை பொங்கிச் செருப்பு ஒன்றை இழுத்துப்போனபோது, “இது நம்ம ஊரு மழையே இல்ல, கடல்ல ஏதோ புயலாம்” என்றார்.

காரணம் மாறிக்கொண்டே வந்தது. முடிவு மட்டும் இம்மியும் நகரவில்லை. எவ்வளவு பெய்தால் மழை என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, மப்ளரை இறுக்கிக்கொண்டதே விடை.

ஒப்பு நோக்க, அதே மலையில் சூரிய ஆய்வகம் இருக்கிறது. ஊரார் வாயில் அப்சர்வேட்டரி. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பிறகு, சூரியனைக் கவனித்தால் பருவமழையின் போக்குப் பிடிபடும் என்ற நம்பிக்கை வலுத்தது. 1899இல் இங்கே ஆய்வகம் வந்ததற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும் ஊரில் சூரியனைப் பார்க்கக் கடை விரிப்பது பிடிவாதம் இல்லாமல் வேறென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் 1904 முதல் அங்கே, வானம் வழிவிட்ட நாட்களில் சூரியனைப் படம் பிடித்துவருகிறார்கள். வழிவிடாத நாளில் படம் இல்லை. மேகத்தைப் படம் பிடித்து, ‘இதுவும் ஒருவகை வெயில்’ என்று யாரும் ஒட்டி வைக்கவில்லை.

1909 ஜனவரி 5 அன்று அங்கே ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையில் கோடுகள் இடம் பெயர்ந்திருப்பதைக் கண்டார். புள்ளிக்குள் வாயு சுழன்றடிக்கிறது என்ற எண்ணம் அந்நாளில் உலவியது. கோடுகளோ, வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்றன. எவர்ஷெட் கோடுகளின் பக்கம் சாய்ந்தார். ‘எவர்ஷெட் விளைவு’ என்று அதற்குப் பெயரும் நிலைத்தது. நம்மவர் அந்தப் பணியில் இருந்திருந்தால், “சுழல்தான், இப்ப சுத்தும் பாருங்க” என்று பணி ஓய்வு வரை காத்திருப்பார்.

ஆகவே துணிபு: அசையாமல் நிற்றல் இருவர்க்கும் பொது. எது வந்தால் அசைவேன் என்று முன்னதாகவே சொல்லி, அது வருகிறதா என்று தானே போய்ப் பார்ப்பவர் உறுதியாளர் என்க. இதனால், முயலுக்கு மூன்றே கால் என்பவர் மட்டுமல்ல, முயலைப் பார்க்காமலே நாலு கால் என்று மேசையைத் தட்டுபவரும் பிடிவாதக்காரரே என்பது பெறப்படும். அவர் சொன்னது சரியாகப் போனது முயலின் தயவு.

அற்றேல், அதே கடைக்குத் தினமும் குடையோடு வருபவரை எதில் சேர்ப்பது எனின், அங்கேதான் சிக்கல். சுள்ளென்று வெயில் அடித்த ஒரு நாளிலும் கறுப்புக் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “வரும் பாருங்க” என்றார். இருட்டும்வரை ஒரு துளி விழவில்லை. “வில்பட்டிப் பக்கம் பெஞ்சிருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவரும் முன்னவரும் ஒரே வகை என்பது டீ மாஸ்டரின் கருத்து. காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்.