ஷெட்டுக்குப் போனால் எரியாது

பழைய கார் வைத்திருப்பவர்களில் பல ரகம் உண்டு. துணியால் துடைத்துத் துடைத்தே பெயின்ட்டைப் போக்குகிறவர் ஒருவர். பெட்ரோல் போட்ட பில்லையெல்லாம் கோப்பில் போட்டு வைத்திருப்பவர் இன்னொருவர். மழை வந்தால் தான் நனைந்துகொண்டு வண்டிக்குக் குடை பிடிக்க ஓடுகிறவரும் உண்டு. இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். மீட்டர் போர்டில் நினைத்தால் எரிந்து நினைத்தால் அணைகிற ஒரு விளக்கின் பின்னால் அலைகிறாரே, அவரிடம்தான் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அவருக்கு நீங்கள் தேவைப்படுவீர்கள்.

நங்கநல்லூரிலோ குரோம்பேட்டையிலோ இருப்பார். வங்கியிலோ தொலைபேசித் துறையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது, வயது இருபதுக்கு மேல். நம்மவர் என்று வைத்துக்கொள்வோம்.

அணையாமல் எரிகிற விளக்கைப் பற்றி நம்மவருக்குக் கவலை கிடையாது. வண்டியை ஷெட்டில் விட்டால் சாயங்காலம் அது அணைந்துவிடும். விட்டுவிட்டு எரிகிற விளக்குதான் ஆளைக் கொல்லும். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட அந்தச் சிவப்பு பிரேக் விளக்கு, வீட்டிலிருந்து கிளம்பினால் வழியெல்லாம் கண்ணடித்துக்கொண்டே வரும். மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்து ஜன்னல் வழியாகத் தலையை நுழைக்கும்போது அணைந்திருக்கும். "எங்க சார் எரியுது?" என்பார். அவர் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இருக்காது. ஆனாலும் நம்மவர் காதில் அது "உங்களுக்கு வயசாயிடுச்சு சார்" என்றுதான் விழும். அந்த நிமிஷமே அவர் வாதியாகிவிடுகிறார். அதற்கப்புறம் அவருக்கு ரிப்பேர் இரண்டாம்பட்சம். முதலில் சாட்சி வேண்டும்.

முதல் சாட்சியாக அழைக்கப்படுபவர் மனைவி. "பாரு, பாரு, இப்ப எரியுது பாரு!" என்று வண்டி ஓட்டிக்கொண்டே கூவுவார். "நீங்க முதல்ல ரோட்டைப் பாருங்க" என்று பதில் வரும். அந்த அம்மாள் திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது வீடியோ ஆதாரம். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் போன். ஷெட்டில் போட்டுக் காட்டினால் அதில் அவருடைய கட்டை விரல் தெரியும், பின்னால் வந்த பஸ்ஸின் ஹாரன் கேட்கும், "பாத்தியா, பாத்தியா" என்று அவர் குரலும் கேட்கும். வெயில் வெளிச்சத்தில் விளக்கு மட்டும் தெரியாது. "எரியறப்ப கொண்டாங்க சார்" என்று மெக்கானிக் வாய்தா போட்டு அனுப்பிவிடுவார்.

இந்த அலைச்சலில் நம்மவர் நிறையக் கற்றுக்கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் செல்ஃப் எடுக்கிறவர்களை அவர் இப்போது மனிதராகவே மதிப்பதில்லை. சாவியை ஆன் நிலையில் நிறுத்தி, ஆயில், பேட்டரி, பிரேக், எஞ்சின் என்று ஒவ்வொரு விளக்காக எரிகிறதா என்று எண்ணுவார். அந்த நேரத்தில் எல்லாம் எரிய வேண்டும், பிறகு அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு நல்ல சேதி இல்லை. பழைய வண்டி விற்கிற புண்ணியவான்களில் சிலர் தொல்லை தருகிற விளக்கின் பல்பையே கழற்றிவிடுவார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் அதன் வயரைப் பக்கத்து விளக்கோடு இணைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து எரிந்து சேர்ந்தே அணையும், வாங்குகிறவர் சமர்த்து வண்டி என்று மகிழ்ந்துபோவார்.

பேட்டரி விளக்கைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுத்தால் காபி ஆறிவிடும். அந்த பல்பின் ஒரு முனைக்குச் சாவி வழியாகக் கரண்ட் வருகிறது. மறு முனை ஆல்டர்னேட்டரில் இருக்கிறது (ஷெட்டில் அதற்கு இன்றைக்கும் டைனமோ என்றுதான் பெயர்). எஞ்சின் ஓடி அங்கேயும் அதே வோல்டேஜ் வந்துவிட்டால் பல்பின் இரண்டு பக்கமும் சமமாகி, விளக்கு அணைந்துவிடுகிறது. இதில் விசேஷம் என்னவென்றால், பல பழைய வண்டிகளில் டைனமோவை முதலில் எழுப்பிவிடுகிற துளிக் கரண்ட்டே இந்த பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு ஃபியூஸ் போனால் பேட்டரி சார்ஜ் ஏறாமலே போகலாம். எனக்கே இது தெரிந்தது அவரிடம் மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலத்தில்தான். அடுத்த நாள் காலையில் என் வண்டியில் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

தெருமுனையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பாய். அவருடைய ஆயுதம் டெஸ்ட் லாம்ப்: ஒரு பன்னிரண்டு வோல்ட் பல்பு, இரண்டு வயர், ஒரு ஊசி. நம்மவர் வைத்திருப்பது டிஜிட்டல் மல்டிமீட்டர். "நிக்கிற வண்டில 12.6, ஓடறப்ப 14.1" என்று வாசித்துக் காட்டுவார். "அதான் நல்லா இருக்கே சார்" என்று பாய் பீடியைப் பற்றவைப்பார். இந்தச் சண்டையில் நான் பாய் பக்கம். வயரின் இணைப்பு களிம்பேறிப் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் முழு வோல்டேஜைக் காட்டும், ஏனென்றால் அது கரண்ட்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. டெஸ்ட் லாம்ப் இழுக்கும். இழுத்தவுடன் சாயம் வெளுத்துவிடும். பல்பு மங்கலாக அழும். இதை ஒப்புக்கொள்ள நம்மவருக்கு வெகுநாள் பிடித்தது. ஒப்புக்கொண்ட பிறகு, அதைத் தாம்தான் கண்டுபிடித்ததாகப் பாயிடமே விளக்கினார்.

பிறகு வந்தது எர்த் பருவம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே மீட்டரை வைத்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது என்று எங்கோ படித்துவிட்டார். அதற்கப்புறம் அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் எர்த் கோளாறுதான். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பின் விளக்கின் எர்த் துருப்பிடித்துவிட்டால், திரும்பிப் போக வழி தெரியாத கரண்ட் அடுத்த பல்பின் இழை வழியாக ஓடும். பிரேக்கை மிதித்தால் பார்க்கிங் விளக்கு அணையும், இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் கூடவே சிமிட்டும். ஒருநாள் கிண்டி சிக்னலில் முன்னால் நின்ற வண்டியில் இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டார். பச்சை விழுந்ததும் துரத்திப்போய், பக்கவாட்டில் சேர்ந்து, ஜன்னலை இறக்கி, "தம்பி, பின்னாடி எர்த்தைப் பாருங்க!" என்று கத்தினார். அந்தப் பையன் வண்டியை ஓரம் கட்டி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினான்.

சந்தேக நபர்கள் பட்டியலில் எலியும் உண்டு. பானெட்டுக்குள் புகையிலையும் நாப்தலீன் உருண்டையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எலி போனதோ இல்லையோ, வண்டியில் ஏறுகிற உறவினர்கள் தும்மிக்கொண்டே போய்விட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளமும் பட்டியலில் இருக்கிறது. அந்த வாரம் வண்டி மூன்றாவது மாடி பார்க்கிங்கில் நின்றதாக விற்றவர் குழந்தைமேல் சத்தியம் செய்தார். கனெக்டர்களைப் பிடுங்கிப் பார்த்தால் பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு. தண்ணீர் வடிந்து வருஷக்கணக்கான பிறகும் களிம்பு தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். கனெக்டர் ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்தார். ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடுகிற ஹாரன், வண்டியின் முந்தைய எஜமானர்கள் செய்த திருப்பணி. வயரைச் சீவி முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். அதையும் அறுத்தெறிந்தார். வண்டிக்கு நல்லதுதான் நடந்தது. சிவப்பு விளக்கு மட்டும் அதுபாட்டுக்கு இருந்தது.

கம்ப்யூட்டரிடமே கேட்டுவிடுவது என்று முடிவானது. ஸ்கேனரைச் சொருகினால் கோளாறைச் சொல்கிற ஓபிடி நம் நாட்டுக் கார்களில் கட்டாயமானது பாரத் ஸ்டேஜ் 4 வந்த 2010-இல் ஒரு கட்டமாக, 2013-இல் அடுத்த கட்டமாக. அவருடைய வண்டி அதற்கு மூத்தது. அந்தக் காலத்து வண்டிகள் சிலவற்றில் டயக்னாஸ்டிக் கனெக்டரில் இரண்டு பின்களைச் சின்ன வயரால் இணைத்தால், எஞ்சின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டிக் குறியீடு சொல்லும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் வந்தால் 12. எல்லாம் சுகம் என்று பொருள். "பிரேக் லைட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்ல சார்" என்று பாய் தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? பேரனை உட்காரவைத்து எண்ணச் சொன்னார். பையன் கையில் மிக்சர் பொட்டலம். நாலு என்று எண்ணிவிட்டான். 14 என்று நோட்டில் ஏறியது. அந்த 14-க்கு உரிய சென்சாரைத் தேடிப் புதுப்பேட்டைக் கடைகளில் ஒரு முழு நாள் போனது. நல்லவேளை, அன்றைக்கு அது கிடைக்கவில்லை.

நடுவில் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. நிறுத்திய வண்டி 50 மில்லி ஆம்பியருக்கு மேல் குடித்தால் எங்கோ திருட்டு நடக்கிறது என்று அர்த்தம். டிக்கியை மூடியபின் உள்விளக்கு அணைகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? போனில் வீடியோவை ஓடவிட்டு, டிக்கிக்குள் வைத்து மூடினார். அப்படியே மறந்தும் போனார். அரைமணி கழித்து, போன் எங்கே என்று மனைவி வேறு போனிலிருந்து கூப்பிட, கார் டிக்கிக்குள்ளிருந்து சுப்ரபாதம் கேட்டது. எடுத்துப் பார்த்ததில் விளக்கு ஒழுங்காக அணைந்திருந்தது. அந்த வீடியோவை வீட்டில் எல்லோரும் பார்க்க வேண்டியதாயிற்று. நெடுநேரத்துக்கு வெறும் இருட்டு. "இதுதான் ப்ரூஃப்" என்றார் நம்மவர்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீள நோட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட கட்டங்கள். தேதி, நேரம், வெயிலா மழையா, ஏசி உண்டா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், வண்டியில் யார் யார், விளக்கு எந்த இடத்தில் எரிந்தது. நான் புரட்டிப் பார்த்தேன். கேலி பண்ணத்தான் வாங்கினேன். ஆனால் விளக்கு எரிந்த இடங்களில் கத்திப்பாரா திரும்பத் திரும்ப வந்தது. மற்றவையும் இடதுபுறம் திரும்புகிற முனைகளாகவே இருந்தன. கத்திப்பாரா மேம்பாலத்தின் சுற்று வளைவுகளில் இறங்கினால் சுற்று முடியும்வரை ஸ்டீயரிங் இடது பக்கம்தானே? சொன்னதுதான் தாமதம், பாயைக் கடையிலிருந்து அப்படியே அள்ளிக்கொண்டு போனார்.

வளைவின் நடுவில் விளக்கு எரிந்தது. நன்றாக, செக்கச் சிவப்பாக, சுற்று முடியும் வரைக்கும் எரிந்தது. நம்மவர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுக் கைதட்டாத குறை. "எரியுதா? எரியுதா பாய்? நீங்களே சொல்லுங்க!"

பாய் சொன்னார்: "எரியுது சார். இது கரண்ட் வேலையே இல்ல. வண்டியை மெதுவா ஓரங்கட்டுங்க."

பானெட்டைத் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார். ஆயில் கீழ்க்கோட்டில் நின்றது. பிரேக் பேட் தேயத் தேய, அதைத் தள்ளுகிற பிஸ்டன் வெளியே வந்து நிற்கும். அதன் பின்னால் உண்டாகிற இடத்தை ஆயில் நிரப்பும். மேலே டப்பாவில் மட்டம் இறங்கும். வளைவில் ஆயில் ஒரு பக்கம் சாய, உள்ளே மிதக்கிற மிதவை கீழே உட்கார்ந்து சுவிட்சைத் தட்டிவிடும். விளக்கு அதன் வேலையை ஒழுங்காகப் பார்த்துவந்திருக்கிறது. ஹேண்ட்பிரேக் சுவிட்ச் மாற்றியாயிற்று, கனெக்டர்களைத் தேய்த்தாயிற்று, எலிக்குப் புகையிலை வைத்தாயிற்று. அந்த டப்பாவைக் குனிந்து பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. "ஆயிலை ஊத்திடலாமா?" என்று நம்மவர் கேட்டார். "ஊத்தினா லைட் அணைஞ்சிடும், தேஞ்ச பேட் அப்படியே இருக்கும். பேடை மாத்துங்க, மட்டம் தானா ஏறும். ஏறலன்னா எங்கயோ ஒழுகுது, அதையும் பாக்கச் சொல்லுங்க" என்றார் பாய். கழற்றிப் பார்த்தபோது பேடில் மிச்சம் இருந்தது நகத்தளவுதான். அந்த பேடை வைத்துக்கொண்டுதான் மனிதர் மற்றவர்களுடைய எர்த்தைத் திருத்தத் துரத்திக்கொண்டு போயிருக்கிறார்.

வண்டியை ஷெட்டில் விட்டாயிற்று. நம்மவர் பாயை விடவில்லை. நேராக வீட்டுக்கு அழைத்துப் போய், வாசலில் நிறுத்தி, "நீங்க பாத்ததைச் சொல்லுங்க" என்றார்.

"எரிஞ்சுதும்மா. நானும் பாத்தேன்" என்றார் பாய்.

"நான் எப்ப எரியலன்னு சொன்னேன்?" என்றபடி அந்த அம்மாள் பாய்க்குக் காபி கொண்டுவர உள்ளே போனார்.

மறுநாள் மாம்பலத்தில் ஒரு கல்யாணம். வண்டி இன்னும் வரவில்லை. கால் டாக்ஸி வந்தது. புது வண்டி. பின் சீட்டில் மனைவி, பட்டுப்புடவை, மொய்க்கவர் சகிதம் உட்கார்ந்தாகிவிட்டது. டிரைவர் சாவியைத் திருப்பினார். நம்மவர் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, உதடு அசைய எண்ணினார். முகம் மாறியது.

"தம்பி, ஒரு நிமிஷம். ஏர்பேக் லைட் வரவே இல்லையே?"

"ஓடிபி சொல்லுங்க சார்."