அனுமதி கேட்கும் ஹாரன்

அம்பாசிடரில் ஹாரன் அடிக்கவில்லை என்றால் சந்தேகப்பட நாலே இடங்கள்தான். ஃப்யூஸ், ஸ்டியரிங்கில் இருக்கும் வளையம், அதிலிருந்து இறங்கும் ஒயர், கடைசியில் ஹாரன். மின்சாரம் போகும் வழியைச் சின்னப் பையன்கூடத் தொட்டுக் காட்டிவிடலாம். நான் காட்டியிருக்கிறேன். அப்பா மதுரையில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டிய எண்பதுகளில், பள்ளி விடுமுறை விட்டால் தெற்குவாசல் பக்கம் ஒரு ஒயரிங் கடையில்தான் கிடப்பேன். அங்கே எனக்குத் தரப்பட்ட வேலை டெஸ்ட் லாம்ப் பிடிப்பது.

டெஸ்ட் லாம்ப் என்று பெயர்தான் பெரிது. ஒரு 12 வோல்ட் பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றின் நுனியில் கிளிப், மற்றதில் ஊசி. கிளிப்பை வண்டியின் பாடியில் மாட்டிவிட்டு ஊசியால் ஒயரைக் குத்திப் பார்க்க வேண்டும். பல்பு எரிந்தால் அதுவரைக்கும் கரண்ட் வருகிறது. எரியாத இடத்துக்கும் எரிந்த இடத்துக்கும் நடுவில் கோளாறு உட்கார்ந்திருக்கிறது. கடை அண்ணன் அவசரப்படவே மாட்டார். “முதல்ல எர்த் பாரு. எர்த் சரியில்லாம எதைப் பார்த்தாலும் தப்பாத்தான் தெரியும்” என்பார். வண்டியின் பாடியில் ஒயர் முடுக்கிய போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் துரு போகத் தேய்த்து மறுபடி முடுக்கியதும் பாதி வண்டிகள் சரியாகிவிடும். அதற்கு அவர் காசு வாங்கியதை நான் பார்த்ததில்லை.

அம்பாசிடர், மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து பிறந்தது. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கி 2014 வரை செய்தார்கள். பிரிட்டிஷ் வண்டிகளுக்கு லூகாஸ் வகுத்த ஒயர் வண்ணங்கள் அண்ணனுக்கு அத்துப்படி. பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. வெள்ளை, சாவி போட்டால் உயிர் பெறுவது. பச்சை, அதிலிருந்தே ஃப்யூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் விளக்கு, கறுப்பு எர்த். ஏழெட்டுக் கை மாறி வந்த டாக்ஸிகளில் அந்த வரிசை எப்போதோ குலைந்து, கிடைத்த ஒயரைக் கிடைத்த இடத்தில் முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். அப்போதும் அவர் வழி கண்டுபிடித்துவிடுவார். வழி கண்ணுக்குத் தெரிந்தது என்பதுதான் காரணம்.

அந்த ஒயரிங் ஆபத்தானது என்பதையும் சொல்ல வேண்டும். ஃப்யூஸ் போனால் செம்புக் கம்பி ஒரு இழையைச் சுற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஷார்ட் ஆனால் கம்பி எரியாது, ஒயர்க் கட்டே எரியும். டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை கிளம்பி, அப்பா நடுரோட்டில் குதித்து இறங்கி பேட்டரி டெர்மினலைப் பிடுங்கியதை மறக்க முடியவில்லை. பழைய வண்டிதான் உயர்ந்தது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைய பல கார்களில் ஹாரன் பட்டனை அழுத்தினால் மின்சாரம் ஹாரனுக்குப் போவதில்லை. ஒரு மனு போகிறது. டேஷ்போர்டுக்கு அடியில், டிரைவரின் கால் பக்கம் பல வண்டிகளில் ஒளிந்திருக்கும் கறுப்புப் பெட்டிக்கு அது போய்ச் சேர்கிறது. பாடி கண்ட்ரோல் மாட்யூல், சுருக்கமாக பிசிஎம். மனுவைப் பார்த்து அது ரிலே என்ற சுவிட்சுக்கு உத்தரவு போட்ட பிறகுதான் ஹாரன் கத்தும். வைப்பர், இண்டிகேட்டர், கதவுப் பூட்டு, கண்ணாடி, உள்விளக்கு எல்லாம் இதே கதைதான். பல வண்டிகளில் சாவி அசல்தானா என்று பார்ப்பதும் இதே பெட்டி. இண்டிகேட்டர் போட்டால் கேட்கும் டிக் டிக் இருக்கிறதே, அம்பாசிடரில் அது ஃப்ளாஷர் டப்பாவுக்குள் தகடு சூடேறி வளைந்து நிமிரும் சத்தம். இப்போது பல வண்டிகளில் அந்தச் சத்தத்தை மீட்டர் போர்டிலிருக்கும் ஸ்பீக்கர் செயற்கையாக எழுப்புகிறது.

ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனி ஒயர் இழுத்தால் கட்டு கை தடிமனுக்கு வந்துவிடும். எடையும் செம்புச் செலவும் ஏறும். இதற்கு மாற்றாக ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1983-ல் ஒரு வேலையைத் தொடங்கி 1986-ல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்தியது. கேன் பஸ் என்பது அதன் பெயர். முறுக்கிய இரண்டே ஒயர்களில் எல்லாப் பெட்டிகளும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த ஒயரில் டெஸ்ட் லாம்ப் ஊசியை வைத்தால் ஒன்றும் தெரியாது. பழைய பல்பு இழுக்கும் கரண்ட் பெட்டிக்குள் இருக்கும் நுண்ணிய பாகத்தைக் கெடுத்தும்விடலாம்.

போன ஐப்பசி மழையில் சென்னையில் என் கார் தானாக வைப்பரை ஆட்டத் தொடங்கியது. நள்ளிரவில் கதவுகள் பூட்டிப் பூட்டித் திறந்தன. காலையில் பேட்டரி செத்திருந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் மாட்டினார்கள். யூ0140 என்று வந்தது. பிசிஎம்மோடு தொடர்பு அற்றுவிட்டது என்பதற்கான எண் அது. “பிசிஎம் போயிடுச்சு சார், புதுசு போடணும்” என்று ஒரு விலை சொன்னார்கள். ஏன் போனது என்று கேட்டேன். எலக்ட்ரானிக் அயிட்டம், போகும் என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. தொடர்பு இல்லை என்ற எண், பெட்டி செத்ததைச் சொல்வதில்லை. பேச்சு நின்றதைத்தான் சொல்கிறது. பேட்டரி, ஃப்யூஸ், எர்த், ஒயரைப் பெட்டியில் மாட்டும் கப்ளர், கேன் ஒயர் என்று ஐந்தையும் பார்த்த பிறகுதான் பெட்டியைக் குற்றம் சொல்ல வேண்டும்.

வேளச்சேரியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். டிப்ளமா படித்த இளைஞர். அவரும் முதலில் எர்த்தைத்தான் பார்த்தார். எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. வண்டியைப் பூட்டி வெகுநேரம் காத்திருந்து, மீட்டர் வைத்து அளந்தார். தூங்கும் கார் சாதாரணமாக 50 மில்லி ஆம்பியருக்குள்தான் இழுக்க வேண்டும். இது பல மடங்கு இழுத்தது. பெட்டி தூங்கவே இல்லை. பிறகு கால்மிதியைத் தூக்கினார். அடியில் சொதசொதவென்று ஈரம்.

முன்கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அதில் விழும் மழைநீர் வெளியேற ஓட்டை வைத்திருப்பார்கள். எங்கள் தெருவின் புங்கமரத்துச் சருகு அதை அடைத்திருந்தது. நிரம்பிய தண்ணீர், ஒயர்க்கட்டு உள்ளே நுழையும் ரப்பர் வளையத்தின் இடுக்கில் புகுந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே பெட்டிவரை இறங்கியிருக்கிறது. கப்ளரைக் கழற்றினால் பச்சைக் களிம்பு. எப்போதும் 12 வோல்ட் நிற்கும் கால்கள்தான் அதிகம் அரித்திருந்தன. ஈரத்தில் மின்சாரம் நின்றால் உலோகம் அப்படித்தான் கரையும். பெட்டியைத் திறந்து காட்டினார். போர்டின் ஒரு மூலை கறுத்திருந்தது. மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஓட்டையைச் சுத்தம் செய்யாமல் புதுப் பெட்டி போட்டிருந்தால் அடுத்த மழையில் அதற்கும் இதே கதிதான்.

புதுப்பேட்டையில் அதே பார்ட் நம்பரில் பழைய பெட்டி ஒன்று கிடைத்தது. நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து, கப்ளர்களை மாற்றி மாட்டினார். விளக்கு எரிந்தது, வைப்பர் ஒழுங்காக நின்றது. என்ஜின் மட்டும் கிளம்பவில்லை. அந்தப் பெட்டிக்குள் வேறொரு காரின் 17 எழுத்து அடையாள எண்ணும் வேறு சாவிகளும் பதிந்திருந்தன. கெட்டுப்போன பெட்டியின் நினைவுச் சில்லைப் படித்து மாற்றிப் பதிக்கத் தெரிந்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். என் பெட்டியில் அந்தச் சில்லும் அரித்துப்போயிருந்தது.

ஆக, புதுப் பெட்டி வாங்கி கம்பெனி சென்டருக்கே போக வேண்டியதாயிற்று. எல்லாச் சாவிகளையும் கொண்டுவரச் சொன்னார்கள். பதிவின்போது கையில் இல்லாத சாவி பிறகு வேலை செய்யாது. நடுவில் வோல்டேஜ் இறங்கக்கூடாது என்று பேட்டரிக்குத் தனியாகச் சார்ஜர் கொடுத்து, கம்பெனி சர்வரோடு இணைத்து அடையாள எண்ணைப் பதித்தார்கள். சாவிகளைச் சேர்த்தார்கள். வண்டி கிளம்பியது. ஒரு லேப்டாப், ஒரு கடவுச்சொல், அரை மணி நேரம். வேளச்சேரித் தம்பிக்குத் தெரியாத வித்தை அதில் எதுவும் இல்லை. அவரிடம் இல்லாதது அந்தக் கடவுச்சொல் மட்டும்தான்.

திருட்டைத் தடுக்கத்தான் இந்தப் பூட்டு என்கிறார்கள். அது உண்மை, அவசியமும்கூட. அதற்காக வண்டியின் சொந்தக்காரரும் அவர் நம்பும் மெக்கானிக்கும் வெளியே நிற்க வேண்டுமா? 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் தயாரிப்பாளர்களுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. 2022-ல் மத்திய நுகர்வோர் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-லேயே கார்களுக்காக இந்த உரிமைக்கு வாக்களித்துவிட்டார்கள். அடையாளத்தைச் சரிபார்த்து, பதிவு வைத்து, உரிமம் பெற்ற வெளிக்கடைகளுக்கும் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க முடியும். தெற்குவாசல் அண்ணனைப் போன்றவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் இது. அறிவு குறைந்து அது அழியவில்லை. அனுமதி இல்லாமல் அழிந்துகொண்டிருக்கிறது. எனக்கு அதில் ஆறாத வருத்தம்.

பதிவு முடிந்ததும் வண்டியை வேளச்சேரிக்கே ஓட்டிப் போனேன். தம்பி ரப்பர் வளையத்தைச் சுற்றி சீலன்ட் பூசினார். பெட்டிக்கு முன்னால் ஒயர்க்கட்டைக் கீழே தொங்கும்படி வளைத்துக் கட்டினார். தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். “ஆடி முடியறதுக்குள்ள ஒரு தடவை கொண்டு வாங்க சார், சருகு எடுத்து விட்டுடறேன்” என்றார். கண்டுபிடித்ததற்கு எவ்வளவு என்று கேட்டேன். ஒயரிங் வேலைக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். அதைப்போல இரண்டு மடங்கு அவர் கையில் வைத்துவிட்டுத்தான் வந்தேன்.