நம்ம லிமிட்ல எதுவும் நடக்கல

குற்றம் குறைந்துவிட்டது. நம்பாதவர்கள் ஆளுங்கட்சிப் பேச்சாளர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். கொடி மாறும், கரைவேட்டி மாறும். தமிழ்நாடு மட்டும் எந்த ஆட்சியிலும் அமைதிப் பூங்காதான். எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்கார்ந்த மறுநாள்தான் அதே பூங்காவில் ரத்த ஆறு ஓடுவது கண்ணில் படும்.

இந்த அமைதிக்கு இப்போது ஒரு புதுக் காரணம் கிடைத்திருக்கிறது: தொழில்நுட்பம். கேமரா வந்ததால் களவு போயிற்று, செல்போன் சிக்னலால் கொலைகாரன் அகப்படுகிறான், முகத்தைப் படம் பிடித்தாலே பழைய குற்றவாளியின் ஜாதகம் வந்து விழுகிறது. கருத்தரங்கில் பவர்பாயின்ட் போடுகிறார்கள். கீழ்நோக்கிச் சரியும் ஓர் அம்புக்குறி. கைதட்டல். பிறகு டீ, முந்திரி பிஸ்கட்.

ஓர் இடத்தில் அந்த அம்புக்குறி பொய் சொல்லவில்லை. பிக்பாக்கெட் தொழில் அடியோடு படுத்துவிட்டது. 29சி பஸ்ஸின் நெரிசலில் பாதி பிளேடை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துக்கொண்டு, சட்டைப்பையைக் கிழித்தது சட்டைக்காரனுக்கே தெரியாமல் கிழித்த கலைஞர்கள் இருந்தார்கள். 2016-ல் யுபிஐ வந்தது. பூக்காரம்மாவின் கூடையில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. இன்றைக்கு ஒரு பர்ஸை அடித்தால் ஆதார் நகலும் ஒரு முருகன் படமும்தான் தேறும். காசில்லாத பையில் கைவிட எந்தக் கலைஞனுக்கும் மனம் வராது. இந்தத் தொழிலை ஒழித்ததற்கு யாருக்காவது பதக்கம் கொடுத்திருந்தால் அதைத் திருப்பி வாங்கிப் பூக்காரம்மாவிடம் கொடுக்கலாம்.

மேல்நாட்டில் கார் திருட்டு சரிந்ததற்கு, சாவியோடு பேசாவிட்டால் இன்ஜின் கிளம்பாத மின்னணுப் பூட்டுதான் முக்கியக் காரணம் என்று குற்றவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். பூட்டு நன்றாக இருந்தால் திருடுவது கஷ்டம். பாட்டிக்கும் தெரியும்.

கேமராவுக்கு வருவோம். 2017-க்குப் பிறகு சென்னையில் ‘மூன்றாவது கண்’ என்று பெயர் சூட்டித் தெருத்தெருவாக மாட்டினார்கள். பலவும் கடைக்காரர்களும் குடியிருப்போர் சங்கங்களும் கைக்காசு போட்டு மாட்டியவை. ஒரு விபிஎன் நிறுவனம் உலக நகரங்களை அளந்து பார்த்து, சதுர கிலோமீட்டருக்கு 657 கேமரா என்று சென்னையைப் பட்டியலின் உச்சியில் வைத்தது. லண்டனும் பெய்ஜிங்கும் நமக்குப் பின்னால். குடிநீரில் இல்லாத முதலிடம், மழைநீர் வடிகாலில் இல்லாத முதலிடம், இதில் கிடைத்தது.

அந்த நகரத்தில்தான் 2025 மார்ச் 25 காலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் ஆறு இடங்களில் செயின் பறித்தார்கள். பறித்தவர்கள் வெளிமாநிலக்காரர்கள். பறித்துவிட்டு விமானத்திலேயே ஊர் திரும்பப் பார்த்தவர்களை விமான நிலையத்தில் பிடித்தார்கள். கேமரா உதவியது, அதற்கு ஒரு சபாஷ். மறுநாள் விடிவதற்குள் அவர்களில் ஒருவர் தரமணியில் போலீஸ் தோட்டாவுக்கு இரையானார். வண்டியைக் கைப்பற்ற அழைத்துப்போன இடத்தில் அவர் சுட்டாராம், இவர்கள் தற்காப்புக்குச் சுட்டார்களாம். செயின் பறித்த காட்சி எல்லாச் சேனலிலும் ஓடியது. சுட்ட காட்சி ஓடவில்லை. மூன்றாவது கண்ணுக்கும் இமை உண்டு. எப்போது மூட வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் அது தெரிந்தது. ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்துவைத்தார்கள் என்று கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அந்தக் காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. ஹார்டு டிஸ்க்கில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் அன்றாடம் பதிவாகும் காட்சி அன்றாடம் தானாக அழிந்துபோகும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது என்று விசாரணைக்குப் போன மாஜிஸ்திரேட் உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். யோசித்துப் பாருங்கள். கேமராவை உடைக்கவில்லை, ஒயரை அறுக்கவில்லை. செட்டிங். இதைவிட நவீனமான தொழில்நுட்பம் எந்த நாட்டில் இருக்கிறது?

அதே ஆண்டு டிசம்பர் 2-ல் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையத்திலும் லாக்கப்பிலிருந்து தாழ்வாரம்வரை கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றம், கேமராக்கள் வேலை செய்யவில்லையாமே என்று தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. தெருமுனைக் கேமரா பழுதானால் சங்கச் செயலாளருக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வருகிறது. ஸ்டேஷன் கேமரா பழுதானால் யாருக்குப் போன் போடுவது? இதற்கு நடுவே, கைதானவர்கள் மட்டும் வழுக்கி விழுந்து கை கால் முறித்துக்கொள்ளும் கழிவறைகளின் தரையை இன்னும் எந்தப் பொறியாளரும் ஆராயவில்லை. அதே கழிவறைக்குத்தான் ஏட்டும் போகிறார். அவர் விழுவதில்லை.

நம் முகங்களையெல்லாம் சேர்த்துவைத்த முக அடையாளத் தளத்துக்குள்ளேயே 2024 மே மாதம் யாரோ புகுந்துவிட்டார்கள் என்பதை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. திருடனைப் பிடிக்கும் பெட்டியில் திருட்டு. அடுத்த கருத்தரங்கில் இதற்கு ஸ்லைடு இருக்குமா?

2025 ஜூன் மாதம், திருப்புவனம் அருகே மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர் போலீஸ் விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்ததை ஒளிந்திருந்து செல்போனில் எடுத்த காட்சிதான் ஊருக்கு உண்மையைச் சொன்னது. அரசு மாட்டிய எந்தக் கண்ணும் சொல்லவில்லை. அந்த வழக்கில் உயர் நீதிமன்றம் கேட்ட ஒரு கேள்வி எனக்கு மறக்கவில்லை: நகை காணவில்லை என்ற புகாருக்கு எஃப்ஐஆர் போடாமலே தனிப்படை விசாரணையில் இறங்கியது எப்படி? காகிதத்தில் குற்றமே நடக்கவில்லை. குற்றமே நடக்காத ஒரு வழக்கில் ஒரு மனிதன் செத்துப்போனான்.

ஆக, குற்றத்தைக் குறைக்கும் உண்மையான கருவி எது என்று இப்போது சொல்லலாம். அது ஸ்டேஷன் ரைட்டரின் பேனா. எழுதாதவரை.

“சார், செல்போனைப் புடுங்கிட்டுப் போயிட்டான்.”

“மூஞ்சியைப் பார்த்தீங்களா?”

“ஹெல்மெட் போட்டிருந்தான் சார்.”

“அப்புறம் யார் மேல எழுதச் சொல்றீங்க? தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுங்க. புது சிம் வாங்க அது போதும்.”

பறித்தவன் காணாமல்போய்விட்டான், பறிகொடுத்தவர் கவனமில்லாதவராகிவிட்டார். கொஞ்சம் சட்டம் தெரிந்தவர், குரலை உயர்த்துபவர் என்றால் எஃப்ஐஆருக்குப் பதில், புகார் வாங்கியதற்கு ஒரு சிஎஸ்ஆர் ரசீது கிடைக்கும். அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம். பிக்பாக்கெட் பயமும் இல்லை. கைது செய்யத் தகுந்த குற்றம் என்று புகாரிலிருந்து தெரிந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது 2013 நவம்பரில். 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டம், மூன்றாண்டிலிருந்து ஏழாண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு முதலில் 14 நாள் பூர்வாங்க விசாரணை செய்துகொள்ளலாம் என்று ஒரு சந்து திறந்துவிட்டிருக்கிறது. பதினான்கு நாள் போதும், நம் ஊரில் எந்தப் புகார்தாரரும் களைத்துவிடுவார்.

ரைட்டரை மட்டும் திட்டிப் பயனில்லை. மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் “உன் லிமிட்ல ஏன்யா இவ்வளவு ஏறியிருக்கு?” என்று எண்ணிக்கையை வைத்து மேலதிகாரி கேட்டால், எண்ணிக்கையைக் குறைக்க இன்ஸ்பெக்டருக்கு இரண்டு வழி. திருடனைப் பிடிப்பது ஒன்று. அதற்கு ஆள் வேண்டும், டீசல் வேண்டும், அந்த வாரம் எந்த அமைச்சரும் அந்தப் பக்கம் வராமல் இருக்க வேண்டும். இன்னொரு வழிக்குப் பேனா மூடி போதும். 1994-ல் நியூயார்க் போலீஸ் காம்ப்ஸ்டாட் என்று கணினி வைத்துக் குற்றங்களை எண்ண ஆரம்பித்த பிறகு, பெரிய குற்றத்தைச் சின்னக் குற்றமாக எழுதும் வழக்கம் வளர்ந்ததை அங்கே ஓய்வுபெற்ற அதிகாரிகளே சொன்னார்கள். இங்கிலாந்தில் 2014-ல் போலீஸ் தரும் குற்றக் கணக்குக்கு இருந்த தேசியப் புள்ளிவிவர முத்திரையையே பறித்தார்கள். இங்கே முத்திரை பறிப்பதில்லை. விருது கொடுக்கிறோம்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைப் பாருங்கள். 2019-ல் நாடு முழுக்க 51.56 லட்சம் வழக்கு. 2020-ல் 66 லட்சம். இந்தியர்கள் ஒரே ஆண்டில் கெட்டுப்போனார்களா? அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றத்துக்கான 188-வது பிரிவில் மட்டும் 29,469 ஆக இருந்த வழக்குகள் 6,12,179 ஆயின. முகக்கவசம் போடாதவனும் டீக்கடை திறந்தவனும் குற்றவாளிகள். கொரோனா கெடுபிடி தளரத் தளர 2021-ல் 60.96 லட்சம், 2022-ல் 58.25 லட்சம். பார்த்தீர்களா, குற்றம் குறைகிறது! ஒரு நாட்டின் ஒழுக்கம் உயர்ந்ததற்கு இருமல் நின்றது பெருங்காரணமாக இருந்தது உலக வரலாற்றிலேயே இதுதான் முதல் தடவை.

திருடன் எங்கே போனான்? எங்கேயும் போகவில்லை, வீட்டுக்குள் வந்துவிட்டான். 2023-ல் மத்திய அரசின் சைபர் புகார்த் தளத்தில் ஏறத்தாழ 16 லட்சம் புகார்கள் குவிந்தன. அதே ஆண்டு நாடு முழுவதும் பதிவான சைபர் குற்ற வழக்குகள் 86,420. நூறு பேர் கத்தினால் ஐந்து பேரின் குரல்தான் பேனாவுக்குக் கேட்டிருக்கிறது. 2024-ல் இந்த மோசடிகளில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டைப்போல மூன்று மடங்கு. 29சி-யில் பிளேடு போட்ட அத்தனை பேரும் ஏழு ஜென்மம் எடுத்தாலும் இதில் ஒரு வாரச் சம்பாத்தியம் தேறாது.

இங்கிலாந்தில் வீடு வீடாகப் போய் “உங்களுக்கு என்ன குற்றம் நடந்தது?” என்று கேட்டு ஒரு கணக்கு எடுக்கிறார்கள். ஆண்டுக்காண்டு குறைந்துவந்த கணக்கு. இணைய மோசடி பற்றியும் கேட்கத் தொடங்கியதும் 2016-ல் 58 லட்சம் குற்றம் புதிதாக வந்து சேர்ந்து, மொத்தம் ஏறத்தாழ இரட்டிப்பானது. நாம் அப்படி வீடு வீடாகப் போய்க் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்களே.

டிஜிட்டல் அரெஸ்ட் என்ற கூத்தை எல்லாரும் அறிவோம். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்பான், சிபிஐ என்பான், வீடியோவில் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பான். 2024-ல் லூதியானாவின் வர்தமான் குழுமத் தலைவரிடமே போலி உச்ச நீதிமன்ற விசாரணை நடத்தி 7 கோடி கறந்தார்கள். அந்த அக்டோபரில் பிரதமர் வானொலியில் எச்சரித்தார். அவசரத்துக்குப் போன் போட்டாலும் முதலில் சைபர் மோசடி பற்றி அமிதாப் பச்சன் பேசி முடிக்கக் காத்திருந்தோம். உச்ச நீதிமன்றத்தின் பெயரிலேயே போலி உத்தரவு தயாரிக்கிறார்கள் என்று 2025-ல் அந்த நீதிமன்றமே வெகுண்டு, டிசம்பரில் விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது.

படித்தவர்கள் இப்படி ஏமாறலாமா என்று சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வருகிறது. இப்படி ஏமாந்த ஓர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஏன் நம்பினார்? வாரண்ட் காட்டாமல் அழைத்துப்போவது, வக்கீலுக்குச் சொல்லாதே என்பது, வீட்டாரிடம் பேசாதே என்பது, என்ன குற்றம் என்றே சொல்லாமல் மிரட்டுவது, பணம் கொடுத்தால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்பது: இதில் எதை மோசடிக்காரன் கற்பனையில் எழுதினான்? எல்லாம் அவன் பார்த்து எழுதியது. அறுபது ஆண்டுகளாகக் காக்கியைப் பார்த்து நடுங்கப் பழக்கிவைத்தது நாம்; அந்த நடுக்கத்தை அறுவடை செய்தது மட்டும்தான் அவன். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்டை நம்பிப் போய், மியான்மரின் மியாவடி வளாகங்களில் பூட்டிவைக்கப்பட்டு, அடிக்குப் பயந்து அதே மோசடி வேலையைச் செய்யவைக்கப்பட்ட தமிழ்ப் பையன்களும் உண்டு. ஏமாந்தவர் பெற்ற பிள்ளைக்கு இங்கே வேலையில்லை; ஏமாற்றும் வேலைக்கு அங்கே ஆள் பற்றாக்குறை.

வங்கியைக் கேட்டால், ஓடிபி கொடுத்தது நீங்கள்தானே என்கிறது. நூறு நாள் வேலைக் கூலியை எடுக்கப் போகும் கிழவியிடம் ரேகை சரியாக விழவில்லை என்று திருப்பி அனுப்பும் அதே அமைப்பில்தான், மோசடிக்காரனின் வாடகைக் கணக்குகள் கேள்வியில்லாமல் கோடிகளை வாங்கி, பிரித்து, மறைத்துவிடுகின்றன.

சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போட்டு, லைன் கிடைத்து, எண் வாங்கிக்கொண்டு தலைமையாசிரியர் ஸ்டேஷனுக்குப் போகிறார். எந்த ஊரில் நடந்த குற்றத்துக்கும் எந்த நிலையத்திலும் புகார் எடுக்கலாம் என்று இப்போது சட்டப் புத்தகத்திலேயே அச்சடித்திருக்கிறார்கள். ரைட்டர் நல்ல மனிதர்தான், நாற்காலி போடச் சொல்கிறார்.

“பணம் எந்த ஊர் அக்கவுண்டுக்குப் போச்சுங்க ஐயா?”

“அசாம்னு காட்டுது.”

“போன் நம்பர்?”

“வெளிநாட்டு நம்பர் மாதிரி இருக்குப்பா.”

ரைட்டர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொள்கிறார்.

“நல்லவேளை. நம்ம லிமிட்ல எதுவும் நடக்கல.”